ஒரே குண்டில் ஆள் விழுவானா? – ‘நிறுத்தும் சக்தி’ பற்றி ஒரு விமரிசனம்

திரைப்படத்தில் கதாநாயகன் கைத்துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறான். எதிரே நின்ற முரடன் காற்றில் எழும்பிப் பின்னால் பறந்து, கண்ணாடிச் சன்னலை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுகிறான். சுட்டவனோ நின்ற இடத்தை விட்டு இம்மியும் அசைவதில்லை. கொட்டகையில் விசில் பறக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய மாணவனும் அந்த விசிலில் சேர்ந்துகொள்கிறான்.

திரைப்படம் பொழுதுபோக்குத்தானே, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இதே கற்பனை அறிவியல் வேடம் பூண்டு வேறிடத்திலும் உலவுகிறது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் எந்தத் தோட்டாவை வாங்க வேண்டும் என்று கூறும் நூல்களிலும் அட்டவணைகளிலும் ‘ஸ்டாப்பிங் பவர்’ என்ற சொல் தவறாமல் வரும். எதிராளியை அக்கணமே செயலற்றவனாக்கும் ஆற்றல் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். தமிழில் ‘நிறுத்தும் சக்தி’ எனலாம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஓர் எண் கொடுத்து, எண் பெரிதானால் பாதுகாப்பும் பெரிது என்கிறார்கள். கைப்பேசி விளையாட்டுகளிலும் இதே முறைதான். “9 எம்.எம். சக்தி அதிகமா, பாயின்ட் 45 சக்தி அதிகமா சார்?” என்று மாணவர்கள் வகுப்பிலேயே கேட்கிறார்கள்.

அந்த எண் எதை அளக்கிறது? நாம் அறிய விரும்புவதைத்தான் அளக்கிறதா? வாசகர்களே, இவ்விரு கேள்விகளையும் உங்களோடு சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு இதில் என்ன?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் சாதாரணக் குடிமகன் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு கடைக்குப் போகலாம். நம் நாட்டில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் பெற்றவர்தான் துப்பாக்கி வைத்திருக்க முடியும். காவல் துறையும் இராணுவமும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டா, பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. ஆகவே உரிமம் பெற்றவர் வழக்கமாக வாங்குவது .32 அங்குல ரகம். தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதியைச் சட்டமே செய்துவிடுகிறது.

இருந்தும் இப்பேச்சு நம் வாசலுக்கும் வந்தது. 2012 டிசம்பரில் டில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்னும் ரிவால்வரைப் பெண்களின் தற்காப்புக்கு என்றே வெளியிட்டது. .32 ரகம், எடை ஏறக்குறைய அரைக் கிலோ, விலை சுமார் 1,22,000 ரூபாய். கைப்பையில் அடங்கும் என்பதும், எடை குறைவு என்பதும் அதன் சிறப்புகளாகச் சொல்லப்பட்டன. ஓர் எளிய குடும்பத்தின் பல மாத வருமானத்தைக் கொடுத்து ஒருவர் வாங்குவது உலோகத்தை அன்று. “இது என்னைக் காக்கும்” என்ற நம்பிக்கையை. அந்த நம்பிக்கைக்கு இயற்பியல் எவ்வளவு இடம் தருகிறது என்று பார்ப்பது நம் கடமை ஆகிறது.

கடலூரில் மறைந்த கணித அறிஞர்

குண்டின் வேகத்தை முதன்முதலில் முறையாக அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1742இல் வெளியான தமது நூலில் அவர் விவரித்த கருவி, இன்று நம் கல்லூரிப் பாடநூல்களில் ‘பாலிஸ்டிக் ஊசல்’ என்ற பெயரில் இருக்கிறது. தொங்கும் கனமான மரக்கட்டைக்குள் குண்டைச் செலுத்து. கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று பார். ஆட்டத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடு. இவ்வளவுதான். வினாடிக்குச் சுமார் 1,700 அடி என்று அவர் கண்டறிந்தார். கடிகாரத்தால் தொடவே முடியாத வேகத்தை ஒரு மரக்கட்டையின் ஆட்டத்தால் பிடித்துவிட்டார்! கணித மேதை ஆய்லர் அந்நூலை 1745இல் ஜெர்மன் மொழியில் விரிவான குறிப்புகளுடன் வெளியிட்டார்.

இவரைப் பற்றி விழுப்புரம், கடலூர்ப் பகுதி மாணவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750இல் தமிழகக் கரைக்கு வந்த ராபின்ஸ், மறு ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காலமானார். அவர் வந்த அதே 1750இல்தான் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் இரவுத் தாக்குதலில் பிடித்தனர். நான் இதை எழுதும் மண்டகப்பட்டு, செஞ்சிக்குப் போகும் சாலையில் உள்ளது. விழுப்புரத்தில் பேருந்து மாறினால் கடலூர் போய்விடலாம். பாடநூலில் எங்கோ தொலைவில் இருப்பதாகத் தோன்றும் பரிசோதனைக்கு உரியவர் நம் பக்கத்து மண்ணில்தான் மறைந்தார்.

ராபின்ஸின் ஊசலை நீங்களும் செய்து பார்க்கலாம். துப்பாக்கி வேண்டாம், உண்டிக்கோல் போதும். களிமண் நிரப்பிய சிறு அட்டைப்பெட்டியை நான்கு நூல்களில் தொங்கவிடுங்கள். 10 கிராம் எடையுள்ள கோலிக்குண்டு ஒன்றை அதனுள் எய்யுங்கள். (எதிரிலும் பக்கத்திலும் யாரும் நிற்கக்கூடாது. ஆசிரியர் அல்லது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.) கோலியும் பெட்டியும் சேர்ந்து 500 கிராம் என்று கொள்வோம். பெட்டி ஏறக்குறைய 1.3 செ.மீ. உயர்ந்தால், அது வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கிளம்பியிருக்கிறது. நிறை 50 மடங்கு. ஆகவே கோலி வந்த வேகம் வினாடிக்கு 25 மீட்டர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோலியிடம் இருந்த இயக்க ஆற்றல் சுமார் 3.1 ஜூல். ஆடும் பெட்டியிடம் இருப்பதோ 0.06 ஜூல், ஐம்பதில் ஒரு பங்குதான்! மீதி எங்கே போயிற்று? களிமண்ணைக் குடைந்ததிலும் சூடாக்கியதிலும் செலவாகிவிட்டது. உந்தம் முழுவதும் அப்படியே கைமாறுகிறது. ஆற்றல் அப்படி மாறுவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இனிவரும் அனைத்தும் எளிது.

முதல் அளவுகோல்: உந்தம்

மூன்று தோட்டாக்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் ஏறக்குறையக் கொடுக்கப்பட்டவை. தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும்.

.32 ரிவால்வர்: குண்டின் நிறை 6.4 கிராம், வேகம் வினாடிக்கு 215 மீட்டர், உந்தம் 1.4 கி.கி.மீ./வி.; ஆற்றல் 148 ஜூல்.

9 மி.மீ. பிஸ்டல்: நிறை 8 கிராம், வேகம் 350 மீட்டர், உந்தம் 2.8, ஆற்றல் 490 ஜூல்.

.45 பிஸ்டல்: நிறை 15 கிராம், வேகம் 255 மீட்டர், உந்தம் 3.8, ஆற்றல் 488 ஜூல்.

இவை 70 கிலோ எடையுள்ள மனிதன் மீது பாய்ந்து உடலுக்குள்ளேயே தங்கிவிடுவதாக வைத்துக்கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி அவன் பின்னோக்கிப் பெறும் வேகம் முறையே வினாடிக்கு 2, 4, 5.5 செ.மீ. நாம் சாவகாசமாக நடக்கும் வேகமே வினாடிக்கு 120 செ.மீ.க்கு மேல். அந்த முரடன் சன்னலைத் தாண்டுவது இருக்கட்டும், இந்த வேகத்தில் தள்ளாடக்கூட மாட்டான்!

ஒப்பிட ஒரு கிரிக்கெட் பந்து: நிறை 160 கிராம். வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசினால் அதன் உந்தம் 6.2. மேற்கண்ட மூன்று குண்டுகளையும் விட அதிகம். பந்து உடலில் பட்டவர் வலியில் துடிப்பார். ஆனால் யாரும் பின்னால் பறந்து ஸ்டம்பின் மேல் விழுந்ததில்லை. இன்னொரு விதமாகச் சொன்னால், 5 கிலோ எடைக்கல்லை 1.6 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் தரையைத் தொடும்போது அதற்கு உள்ள உந்தம் 9 மி.மீ. குண்டின் உந்தத்துக்குச் சமம்.

மூன்றாம் விதியை மறந்துவிடாதீர்கள். குண்டு முன்னே பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கி வழியாகச் சுட்டவன் கைக்கு வருகிறது. வெளியேறும் வாயுவின் உந்தமும் அதனோடு சேர்வதால் உண்மையில் சுட்டவன் வாங்கும் உதைதான் சற்று அதிகம். எதிரியைத் தூக்கி எறியும் தோட்டா இருக்குமானால் அது முதலில் சுட்டவனைத்தான் தூக்கி எறியும்.

அப்படியானால் சுட்டவன் சாகாமல் எதிரி மட்டும் சாவது ஏன்? 800 கிராம் பிஸ்டலில் 9 மி.மீ. சுட்டால் பிஸ்டல் வினாடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் பின்னடிக்கிறது. அதன் ஆற்றல் 4.9 ஜூல். குண்டின் ஆற்றல் 490 ஜூல். உந்தம் சரிபாதியாகப் பிரிகிறது. ஆற்றலோ இலேசான பொருளுக்கே நூறு மடங்கு போய்ச் சேர்கிறது. அதுவும் விரல் நுனியளவு பரப்பில் குவிகிறது.

‘நிர்பீக்’ விளம்பரத்தில் எடைக் குறைவைப் பெருமையாகச் சொன்னார்கள் அல்லவா? அதே .32 தோட்டா முக்கால் கிலோ ரிவால்வரைச் சுமார் 1.8 மீட்டர் வேகத்தில் உதைக்கும். அரைக் கிலோ ரிவால்வரை 2.8 மீட்டர் வேகத்தில் உதைக்கும். தூக்கிச் செல்ல எளிது, சுடக் கடினம். ஒரு நன்மையைச் சொல்லி அதற்குரிய விலையைச் சொல்லாமல் விடுவது விளம்பரத்துக்குப் பொருந்தலாம், அறிவியலுக்குப் பொருந்தாது.

இரண்டாம் அளவுகோல்: ஆற்றல்

“உந்தம் கிடக்கட்டும், ஆற்றலைப் பாருங்கள்” என்பார்கள் இன்னொரு சாரார். கனத்த மெதுவான குண்டா, இலேசான விரைவான குண்டா என்பது துப்பாக்கிப் பிரியர்களிடையே ஓயாத சண்டை. மேலேயுள்ள கணக்கில் 9 மி.மீ.க்கும் .45க்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே, உந்தத்தில்.45 முந்துகிறது. ஆகவே ஆளுக்கொரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வெற்றியாளரை அறிவிக்கிறார்கள்.

இது புதிய சண்டை அன்று. இயக்கத்தின் உண்மையான அளவு நிறையும் வேகமும் சேர்ந்த பெருக்கலா, நிறையும் வேகத்தின் இருமடியும் சேர்ந்த பெருக்கலா என்று டேகார்ட்டின் வழிவந்தவர்களும் லைப்னிட்சும் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மோதிக்கொண்டனர். ஹாலந்து அறிஞர் கிராவசாண்டே 1720களில் உலோகக் குண்டுகளைக் களிமண்ணில் விழவைத்து, குழியின் ஆழம் வேகத்தின் இருமடிக்கேற்ப அமைவதைக் காட்டினார். இறுதியில் தெளிவானது யாதெனில், இரண்டு அளவுகளும் சரியே. அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள். எவ்வளவு தள்ளும் என்றால் உந்தம். எவ்வளவு குடையும், கிழிக்கும் என்றால் ஆற்றல்.

ஆனால் 490 ஜூல் என்பது எவ்வளவு? ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீரை ஏறக்குறைய 0.6 டிகிரி சூடாக்கும், அவ்வளவே. இவ்வளவு சிறிய ஆற்றல் ஒரு மனிதனைக் கொல்கிறது என்றால், எவ்வளவு என்பதைக் காட்டிலும் எங்கே என்பதே முதன்மை என்று தெரிகிறது. மூளையிலோ தண்டுவடத்தின் மேற்பகுதியிலோ பட்டால் மனிதன் அக்கணமே விழுவான். மற்ற இடங்களில் பட்டால் இரத்தம் வடிந்து இரத்த அழுத்தம் இறங்கிய பிறகே செயலிழப்பான். இதயமே சிதைந்தாலும், மூளையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு 10 முதல் 15 வினாடி வரை ஒருவன் செயற்பட முடியும். கத்தி வைத்திருப்பவனுக்கு அது போதுமான நேரம். மறுபுறம், சிறு காயம் பட்டவனும் ‘சுடப்பட்டேன்’ என்ற அதிர்ச்சியிலேயே விழுந்துவிடுவதுண்டு. இவற்றுள் எதையும் தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்ட ஜூல் கணக்கு சொல்லாது.

இராமாவரமும் புதுடில்லியும்

தமிழகம் மறக்காத நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1967 ஜனவரி 12 அன்று சென்னை இராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஆர். ராதா ரிவால்வரால் எம்.ஜி.ஆரை மிக அருகிலிருந்து சுட்டார். தம்மையும் சுட்டுக்கொண்டார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. எம்.ஜி.ஆருக்குக் காதருகே பாய்ந்த குண்டு கழுத்தில் தங்கியது. இருவரும் பிழைத்தனர். கழுத்தில் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆரின் படத்தைத் தாங்கிய சுவரொட்டிகளோடு அடுத்த மாதத் தேர்தல் நடந்தது. பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். ராதா 1979 வரையிலும், எம்.ஜி.ஆர். 1987 வரையிலும் வாழ்ந்தனர்.

தலையிலும் கழுத்திலும், கை எட்டும் தூரத்தில் சுடப்பட்டும் உயிர் போகவில்லையே, ஏன்? தோட்டாக்கள் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டவை என்பதும், நெடுநாள் கிடந்ததில் குண்டு கூட்டுக்குள் தளர்ந்திருந்தது என்பதும் தடயவியல் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம். இதன் இயற்பியல் எளிது. பித்தளைக் கூடு குண்டை இறுகப் பிடித்திருந்தால்தான், மருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் அழுத்தம் போதிய அளவு உயர்ந்தபின் குண்டு கிளம்பும். பிடி தளர்ந்தால் அழுத்தம் ஏறுமுன்பே குண்டு நகர்ந்துவிடும், வேகம் குறையும். பெட்டி மேல் எழுதியிருந்த எண் என்னவோ மாறவில்லை. உள்ளே இருந்த தோட்டாதான் மாறிவிட்டது.

இதற்கு எதிரான நிகழ்ச்சி 1948 ஜனவரி 30 அன்று புதுடில்லியில் நடந்தது. காந்தியடிகளைக் கொன்றது இத்தாலியில் செய்த சிறிய பெரெட்டா பிஸ்டல். அதன் ‘9 மி.மீ. குட்டை’த் தோட்டா, வழக்கமான 9 மி.மீ. தோட்டாவில் ஏறக்குறையப் பாதி ஆற்றலே உடையது. ‘நிறுத்தும் சக்தி’ அட்டவணைகளில் அது கீழ் வரிசையில் இருக்கும். மூன்று குண்டுகள், வயது முதிர்ந்த, மெலிந்த உடல். அட்டவணையை நம்பி யாராவது ஆறுதல் கொள்ள முடியுமா?

இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு விதி எழுத முடியாது என்பது உண்மையே. அப்படியானால் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளைத் திரட்டினால்?

மூன்றாம் அளவுகோல்: புள்ளிவிவரம்

அம்முயற்சியும் நடந்தது. முதலில் 1904இல் அமெரிக்க இராணுவத்துக்காகத் தாம்சன் என்ற அதிகாரியும் லகார்ட் என்ற மருத்துவரும் சிகாகோ இறைச்சிக்கூடத்தில் மாடுகளைச் சுட்டும், தொங்கவிட்ட சடலங்களைச் சுட்டும் பார்த்தார்கள். சடலம் எவ்வளவு அசைகிறது என்று கண்ணால் மதிப்பிட்டார்கள். இது ராபின்ஸின் ஊசல்தான் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஊசல் உந்தத்தைத்தான் காட்டும். ஒரு மனிதன் எப்போது செயலிழப்பான் என்பதை அது எப்படிக் காட்டும்? பிறந்த இடத்தில் அளவுகருவியாக இருந்தது, இங்கே வெறும் சடங்காகிவிட்டது. ஆயினும் .45க்குக் குறையாத தோட்டா வேண்டும் என்ற அவர்கள் முடிவு பல்லாண்டு வேதவாக்காக விளங்கியது.

பின்னர் 1992இல் மார்ஷல், சேனோ என்னும் இருவர் உண்மையான துப்பாக்கிச் சண்டைகளின் விவரங்களைத் திரட்டி, ‘ஒரே குண்டில் நின்றவர்’ எத்தனை விழுக்காடு என்று தோட்டா வாரியாக நூல் வெளியிட்டார்கள். உண்மை நிகழ்ச்சிகளைத் தேடிப் போனது பாராட்டத்தக்கது. ஆனால் எண்ணிய முறையில் ஒரு பெரும் ஓட்டை. உடற்பகுதியில் ஒரே ஒரு குண்டு பட்ட நிகழ்ச்சிகளை மட்டுமே அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். முதற் குண்டு பயன்படாமல் இரண்டாவது குண்டும் பட்டிருந்தால் அந்நிகழ்ச்சி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

விளைவு என்ன? 100 நிகழ்ச்சிகள் என்று கொள்வோம். முதற் குண்டில் 50 பேர் நின்றார்கள். 50 பேர் நிற்கவில்லை. நிற்காத 50 பேரில் 40 பேர் மீது மறுபடி சுடப்பட்டது. அந்த 40ஐ நீக்கிவிட்டால் எஞ்சுவது 60. அறுபதில் ஐம்பது, அதாவது 83 விழுக்காடு வெற்றி! உண்மை 50 விழுக்காடு. ஒரு டுட்டோரியல் கல்லூரி, “ஒரே தடவை தேர்வெழுதிய எங்கள் மாணவர்களில் 90 விழுக்காடு தேர்ச்சி” என்று விளம்பரம் செய்தால் நாம் ஏமாறுவோமா? தோற்றவர்தானே இரண்டாம் தடவை எழுதுவார்! மருத்துவர் ஃபேக்லர் முதலிய ஆய்வாளர்கள் இந்நூலின் முறையைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆனால் கண்டனத்தை விட விழுக்காடு வேகமாகப் பரவும், இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமல் அது ஆக்கப்பட்டது என்று அறிவிக்கிறது. எவை இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லும் அந்த நேர்மை ஒவ்வொரு புள்ளிவிவரத்துக்கும் வேண்டும். எதைச் சேர்த்தோம் என்பதோடு எதை விட்டோம் என்பதையும் படிப்பவர் கேட்டுப் பழக வேண்டும்.

கூழ்மக் கட்டியில் ஒரு நல்ல சோதனை

இத்துறையில் எல்லாமே பழுது என்று நான் சொல்லவில்லை. 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமி நகரில் எஃப்.பி.ஐ. காவலர்களுக்கும் இரு கொள்ளையருக்கும் சண்டை மூண்டது. தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து போரிட்டான். காவலர் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர்.

அதன்பின் அந்நிறுவனம் ‘நிறுத்தும் சக்தி’ என்ற சொல்லை ஒதுக்கி வைத்து, அளக்கக்கூடிய ஒன்றைக் கேட்டது: குண்டு எவ்வளவு ஆழம் போகிறது? தசையை ஒத்த 10 விழுக்காடு ஜெலட்டின் கூழ்மக் கட்டிக்குள் குண்டைச் செலுத்தி, 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மிகாமலும் (30 முதல் 46 செ.மீ.) செல்லவேண்டும் என்று வரையறுத்தது. குறைந்தால் உள்ளுறுப்பை எட்டாது. மிகுந்தால் உடலைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்கும் குற்றமற்றவரைத் தாக்கும். கூழ்மக் கட்டி மனிதன் அன்று. அதில் எலும்பும் இல்லை, அச்சமும் இல்லை. ஆனால் அது ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது. எங்கே செய்தாலும் அதே விடையைச் சொல்கிறது. நல்ல சோதனைக்கு இலக்கணம் இதுவே.

நுனி விரியும் குண்டுகளை அங்கே காவலர் விரும்புவதற்கும் இதுவே காரணம்: விரிந்த குண்டு உடலுக்குள்ளேயே நின்றுவிடும். இவ்வகைக் குண்டுக்குப் பெயர் கொடுத்ததே நம் நாட்டு ஊர்தான். 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் செய்த ‘டம்டம்’ குண்டுகள் உண்டாக்கிய கொடிய காயங்களைக் கண்டு, 1899இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடைசெய்தது. போர்க்களத்தில் கொடுமை எனப்பட்ட அதே தன்மை, நெரிசலான தெருவில் எச்சரிக்கை எனப்படுகிறது. இந்த முரணை எந்த அட்டவணையும் தீர்த்துவைக்காது. அது மனிதர் முடிவு செய்யவேண்டிய அறம்.

மயாமிக் கதையின் பின்பகுதி இன்னும் சுவையானது. “பெரிய தோட்டா வேண்டும்” என்று எஃப்.பி.ஐ. முதலில் 10 மி.மீ.க்குப் போயிற்று. உதை தாங்காமல் பலர் குறி தவறினர். பிறகு அதைவிடச் சற்று மென்மையான .40 ரகத்துக்கு வந்தார்கள். 2010களின் நடுவில் மீண்டும் 9 மி.மீ.க்கே திரும்பினார்கள்! குண்டுகளின் அமைப்பு மேம்பட்டிருந்தது என்பது ஒரு காரணம். உதை குறைந்தால் குறி தவறாது என்பது மற்றொன்று. கால் நூற்றாண்டுச் சுற்றுக்குப் பின் அவர்கள் வந்து சேர்ந்த இடம் இதுவே: படாத பெரிய குண்டை விட, பட்ட சிறிய குண்டு மேல்.

முடிவாக

‘நிறுத்தும் சக்தி’ என்பது தோட்டாவுக்குள் இருக்கும் பண்பு அன்று. நிறை, வேகம், உந்தம், ஆற்றல் இவை தோட்டாவின் பண்புகள், அளக்கலாம். செயலிழப்பது என்பதோ காயம் பட்ட இடம், எதிராளியின் உடல், மனம், சுட்டவரின் பயிற்சி, தற்செயல் இவை எல்லாம் சேர்ந்து நிகழும் ஒரு நிகழ்ச்சி. நிகழ்ச்சியைப் பொருளின் மேல் எண்ணாக எழுதி ஒட்டியதே இக்கருத்தின் அடிப்படைப் பிழை. காய்ச்சலில் கிடப்பவர் எத்தனை நாளில் எழுந்து வேலைக்குப் போவார் என்பதை மாத்திரையின் எடையைக் கொண்டு சொல்வது போன்றது அது.

தனியே வீடு திரும்பும் பெண்ணின் அச்சம் பொய்யன்று. அதைச் சிறுமைப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. அதனாலேயே அந்த அச்சத்துக்கு விற்கப்படும் எண்களை நாம் இருமடங்கு கண்டிப்புடன் சோதிக்க வேண்டும். ரிவால்வர் கைப்பையின் அடியில் இருக்கிறது; தாக்குபவன் இரண்டு அடி தூரத்தில் இருக்கிறான்; வெளியே எடுப்பதற்குள் என்ன ஆகும் என்பதை எந்தத் தோட்டாப் பெட்டியும் சொல்வதில்லை. அதே ரிவால்வர் மற்ற நேரமெல்லாம் வீட்டில், பிள்ளைகள் எட்டும் தூரத்தில், கோபமும் விரக்தியும் வந்துபோகும் கூரையின் கீழ் இருக்கிறது. 1993இல் அமெரிக்காவில் கெல்லர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை நிகழும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று கணித்தது. அதன் முறையைக் குறை கூறியவர்களும் உண்டு. நாம் மேலே மற்ற எண்களைக் கேட்ட அதே கேள்விகளை இந்த எண்ணையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் “பாதுகாப்பு” என்ற தராசின் மறு தட்டில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை யாராவது ஒரு பொருளின் ‘சக்தி’யை எண்ணாகச் சொன்னால், அது தோட்டாவாக இருந்தாலும் சரி, சத்துமாவாக இருந்தாலும் சரி, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதை அளந்தீர்கள்? எப்படி அளந்தீர்கள்? எதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டீர்கள்? விடை வரவில்லை என்றால் எண்ணை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, களிமண் பெட்டியைத் தொங்கவிட்டு நீங்களே அளக்கத் தொடங்குங்கள்.